சொன்னது உண்மைதான், சொல்லாதது என்ன? – அரசியல் பிரச்சாரத்தைச் சோதித்துப் பார்க்கப் பழகுவோருக்கு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் வாங்கப் போனால், கூடைக்காரம்மா என்ன சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் காசை எடுப்பதில்லை. அதே ஆள் வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால், யார் எழுதியது என்றே தெரியாத ஐந்து வரியை நம்பிக் குடும்பம் முழுக்க அனுப்பிவிடுகிறார். முதல் முறை ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கும், எல்லாக் கட்சிச் சத்தத்தையும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்களுக்கும் இந்தக் கட்டுரை. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இது சொல்லாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைப் பொய்யைப் பிடிப்பது இதில் சின்ன வேலை. கை தேர்ந்த பிரச்சாரகர் பொய்யே சொல்ல மாட்டார். உண்மையில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் வெட்டி எடுத்து மேடையில் வைப்பார். "இது உண்மையா?" என்று மட்டும் கேட்டுப் பழகியவர் அங்கே மாட்டிக்கொள்வார். "இதில் எதை விட்டுவிட்டார்கள்?" என்று கேட்கத்தான் நாம் பழக வேண்டும்.

முதலில், உங்கள் காதுக்கு எது எங்கிருந்து வருகிறது?

ஒரு வாரம் குறித்து வையுங்கள். டீக்கடைப் பேப்பர், ஆட்டோவில் கட்டிய மைக், ஃப்ளெக்ஸ், யூடியூப், குடும்ப குரூப், தெருமுனைக் கூட்டம் என்று எதில் எந்தச் செய்தி வந்தது, அதன் முதலாளி யார் என்று எழுதுங்கள்.

தமிழ் டிவியில் இது பெரிய ரகசியமில்லை. கலைஞர் டிவி எந்தப் பக்கம், நியூஸ் ஜெ எந்தப் பக்கம், மக்கள் டிவியை யார் தொடங்கினார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். சார்பு வெளிப்படையாகத் தெரிவதால் இவற்றால் ஆபத்து குறைவுதான். ஒரே நிகழ்ச்சியை எதிரெதிர் சேனல் இரண்டில் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். தலைவலி எல்லாம் யூடியூப்பில்தான். 'நடுநிலை', 'மக்கள் குரல்' என்ற பாணியில் பெயர் வைத்திருப்பார்கள். நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று எங்கேயும் இருக்காது. அப்படிப்பட்ட சேனலில் பின்னோக்கிப் போய் ஒரு இருபது வீடியோவின் தலைப்பை மட்டும் படியுங்கள். ஒரே கட்சிதான் எல்லாவற்றிலும் அடிவாங்குகிறது என்றால், யார் காசு கொடுக்கிறார் என்று தெரியாவிட்டாலும் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இரண்டு உண்மைகளை வைத்து ஒரு சண்டை

நாம் இருப்பது கடலூர்–புதுச்சேரி எல்லையில். முள்ளோடை தாண்டினால் வேறு அரசு, வேறு முதலமைச்சர். பிரச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மழை ஒன்றுதான், அறிக்கை மட்டும் இரண்டாக வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைதாரர்களுக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது. தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. அங்கே அப்போது என்.ஆர்.காங்கிரஸ்–பாஜக கூட்டணி ஆட்சி, இங்கே திமுக ஆட்சி.

"அங்கே ஐயாயிரம், இங்கே ரெண்டாயிரம்" என்று சொன்னால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ரெட்டிச்சாவடியில் நிற்பவருக்கு வயிறு எரியும். எரியட்டும் என்பதற்காகத்தான் அந்த வரியே எழுதப்படுகிறது. இனி நம் கேள்விகளை எடுப்போம்.

இரண்டும் ஒரே வகைப் பணமா? ஒன்று பாதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டை இருந்தால் கிடைப்பது. மற்றது குறிப்பிட்ட மாவட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். எத்தனை பேருக்கு? 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் சுமார் 12.5 லட்சம் பேர். கடலூர் மாவட்டத்துக்கு மட்டுமே 26 லட்சம். இந்தத் தொகை தவிர இடிந்த குடிசைக்கு எவ்வளவு, மூழ்கிய நெல்லுக்கு எவ்வளவு, செத்த மாட்டுக்கு எவ்வளவு? இவை தனித்தனி அறிவிப்புகள். ஒப்பிடுகிறவர் இதைச் சொல்லவே மாட்டார். அறிவித்த பணம் கைக்கு வந்த தேதி என்ன?

இதையெல்லாம் கேட்ட பிறகும் "2,000 போதாது" என்ற முடிவுக்கு நீங்கள் வரலாம். "பாதிப்பைப் பார்க்காமல் எல்லாருக்கும் 5,000 கொடுத்தது தவறு" என்றும் நினைக்கலாம். எதுவானாலும் அது உங்கள் முடிவு. முதல் வரியில் உங்களுக்காக வேறொருவர் முடிவு செய்து வைத்திருந்தார்.

அதே வெள்ளத்தில் இன்னொரு சண்டையும் நடந்தது. சாத்தனூர் அணையை முன்னறிவிப்பில்லாமல் திறந்துவிட்டார்கள் என்றது எதிர்த்தரப்பு, எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு. இப்படி இரண்டு தரப்பும் அடித்துச் சொல்லும்போது கேள்வியை உடைத்துக் கேளுங்கள். எச்சரிக்கை எத்தனை மணிக்கு வெளியானது? எந்தக் கிராமங்களின் பெயர் அதில் இருந்தது? செல்போனுக்கு மட்டும் வந்ததா, தண்டோராவோ மைக்கோ தெருவுக்கு வந்ததா? கரண்ட் இல்லாத ராத்திரியில் செல்போன் செய்தி யாருக்குப் போய்ச் சேரும்? காகிதத்தில் எச்சரிக்கை இருந்ததும் உண்மையாக இருக்கலாம், ஆற்றங்கரையில் ஒருவருக்கும் தெரியாமல் போனதும் உண்மையாக இருக்கலாம்.

பழைய கதை ஒன்றும் இதே ஜாதிதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பை "புதுச்சேரி மக்கள் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள்" என்று மேடையில் சொல்வார்கள். அங்கே ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர், எல்லாரும் மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. இணைப்பை இது குறைத்துவிடாது. ஆனால் 'மக்கள் ஓட்டு' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் இன்றைக்கு வரும் 'மக்கள் கருத்துக்கணிப்பு'களுக்கும் உதவும்.

செய்தியை வரிவரியாகப் பிரிப்பது

இப்படி ஒரு செய்தி வந்ததாக வைத்துக்கொள்வோம்: "அதிர்ச்சி! கடலூருக்கு வரவேண்டிய 500 கோடியைத் தாரை வார்த்த துரோகிகள்! ஊடகங்கள் மறைக்கும் உண்மை. தமிழனாக இருந்தால் பகிரவும்."

இதில் சோதிக்கக்கூடிய தகவல் ஒன்றே ஒன்றுதான்: 500 கோடி. 'வரவேண்டிய' என்பதில் ஓட்டை இருக்கிறது. யாராவது கூட்டத்தில் கேட்டார்களா, பட்ஜெட்டில் ஒதுக்கினார்களா, அரசாணை வந்ததா? மூன்றும் மூன்று விஷயம். 'தாரை வார்த்த', 'துரோகிகள்' இரண்டும் கோபத்தைக் கிளப்ப வைத்த சொற்கள். 'ஊடகங்கள் மறைக்கும்' என்பது, தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் அதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளச் செய்யும் தந்திரம். கடைசி வரி நேரடி மிரட்டல்: பகிராவிட்டால் நீங்கள் தமிழனே இல்லை.

கோபச் சொற்களை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். "கடலூருக்கு 500 கோடி." இவ்வளவுதான் பாக்கி. இதற்கா இத்தனை கொதிப்பு என்று தோன்றும்.

இன்னொரு சின்னச் சோதனை. செய்தியில் இருக்கும் கட்சிப் பெயரை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த கட்சியின் பெயரைப் போட்டு மறுபடி படியுங்கள். அப்போது "ஆதாரம் எங்கே?" என்று கேட்கத் தோன்றுகிறதா? முதலில் படித்தபோது ஏன் தோன்றவில்லை? இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். எதிர்க்கட்சியின் பொய்யைப் பிடிக்க நமக்குப் பயிற்சியே வேண்டாம், அது தானாக வருகிறது.

நியூஸ் கார்டு, வீடியோ, நோட்டீஸ்

தமிழில் போலி அதிகம் நடமாடுவது நியூஸ் கார்டு வடிவத்தில்தான். பெரிய சேனலின் லோகோவோடு, ஒரு தலைவர் சொல்லாத வாக்கியத்தை அவர் படத்துக்குக் கீழே போட்டு விடுவார்கள். எழுத்துரு அந்தச் சேனல் வழக்கமாகப் பயன்படுத்துவதா, ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் மலிந்திருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம். அந்தத் தேதிக்கு அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்கே போய்த் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் பெரும்பாலும் போலி. பிரபலமான போலி என்றால் "இது நாங்கள் வெளியிட்டதல்ல" என்று அவர்களே போட்டிருப்பார்கள்.

வீடியோவை ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, போலீஸ் உடுப்பு எப்படி, பஸ் என்ன நிறம்? வண்டி எண் நல்ல துப்பு: பிஒய் 01 புதுச்சேரி, டிஎன் 31 கடலூர், டிஎன் 32 விழுப்புரம். ஒரு வண்டியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. பிஒய் 01 கார் இந்தியா முழுக்க ஓடுகிறது. புதுச்சேரியில் வண்டி வரி குறைவு என்பது நம்மூர்க்காரருக்குத் தெரியும். பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே காட்சி மூன்று வருடம் முன்பு வேறு மாநிலத்தில் வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. வேறு சம்பவங்களில் எடுத்த காட்சிகளை இதற்கென்று ஒட்டியிருந்தார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. நமக்கு அது பொய் என்று உடனே தெரிந்தது, ஏனென்றால் நாம் இங்கே இருக்கிறோம். பாட்னாவில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வங்காளத்திலோ காஷ்மீரிலோ நடந்ததாக ஒரு வீடியோ நம் போனுக்கு வரும்போது, நாம்தான் அந்தப் பாட்னா அம்மா.

அச்சடித்த நோட்டீஸுக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-இன்படி தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் காகிதத்தின் அடியைப் பாருங்கள். அச்சகம் பெயர் இல்லையா? எழுதியவருக்கே அதன் மேல் நம்பிக்கை இல்லை.

திரும்பத் திரும்பக் கேட்பது

"ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும் என்றான் கோயபல்ஸ்." நம் மேடைகளில் இந்த வரி இல்லாத கூட்டம் அபூர்வம். ஹிட்லரின் பிரச்சார அமைச்சரான கோயபல்ஸ் இப்படிச் சொன்னதற்கு மூலச் சான்று எதுவும் கிடையாது. திரும்பத் திரும்பச் சொல்லியே இதுவும் உண்மையாகிவிட்டது! ஆனால் விஷயம் மெய்தான்: ஏற்கெனவே கேட்ட வாக்கியத்தை மறுபடி கேட்கும்போது மனிதர்கள் அதைக் கூடுதலாக நம்புகிறார்கள் என்று 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சோதனை செய்தே காட்டினார்கள். ஆகவே "எல்லாரும்தான் சொல்றாங்க" என்று தோன்றும்போது, அந்த எல்லாரும் ஒரே இடத்திலிருந்து எடுத்தார்களா என்று பாருங்கள். ஐந்து குரூப்பில் வந்தது ஒரே ஃபார்வர்டு என்றால் சாட்சி ஒன்றுதான்.

அறிவிப்பு, அரசாணை, அதிகாரம்

ஃப்ளெக்ஸில் இருப்பது பெரும்பாலும் அறிவிப்பு. அறிவிப்புக்குப் பிறகு அரசாணை, நிதி ஒதுக்கீடு, டெண்டர், வேலை, பில் என்று நீண்ட வழி இருக்கிறது. உங்கள் தெருச் சாலை அதில் எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். பட்ஜெட்டில் ஒரு திட்டத்துக்கு மூன்று எண்கள் இருக்கும்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, முடிவில் செலவான கணக்கு. ஆளுங்கட்சிப் பேச்சாளருக்கு முதலாவது பிடிக்கும். நீங்கள் மூன்றாவதைத் தேடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். "இந்தத் தெருச் சாலைப் பணிக்கான பணி ஆணையின் நகல், ஒப்பந்தத் தொகை, முடிக்க வேண்டிய தேதி" என்று ஆவணமாகக் கேளுங்கள். கடலூர் மாவட்டக் கிராமத்தில் இருந்தால் கிராம சபையும் இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை அங்கே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாக்குறுதி கேட்கும்போது, அதைச் செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். "மாநில அந்தஸ்து வாங்கித் தருவேன்" என்று புதுச்சேரியில் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். சட்டமன்றம் தீர்மானம்தான் போட முடியும், பலமுறை போட்டும் இருக்கிறது. சட்டம் இயற்ற வேண்டியது நாடாளுமன்றம். அப்படியானால் "அங்கே எப்படி நகர்த்தப் போகிறீர்கள்?" என்பதுதான் அடுத்த கேள்வி.

இரண்டு பக்கமும் பேசாத விஷயத்தையும் கவனியுங்கள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து, 2006-இல். அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு காங்கிரஸும் ஆண்டது, என்.ஆர்.காங்கிரஸும் ஆண்டது, தேர்தல் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுபவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் சேர்ந்து அடக்கி வாசிக்கிறார்கள் என்றால், அதில் இருவருக்கும் லாபம் இருக்கலாம். இந்த மௌனத்தை எந்த உண்மை கண்டறியும் தளமும் உங்களுக்குப் பிடித்துத் தராது.

அந்தத் தளங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. யூடர்ன், ஃபேக்ட் கிரசெண்டோ போன்றவை பயன்படும், அவர்கள் தரும் மூல இணைப்பைத் திறந்து பார்த்தால். பிஐபி (பத்திரிகைத் தகவல் அலுவலகம்) ஃபேக்ட் செக் ஒன்றிய அரசுடையது. தமிழ்நாடு அரசும் 2023-இல் தனக்கென ஒரு சரிபார்ப்பகம் தொடங்கியது. அரசைப் பற்றிய புகாரை அரசே சரிபார்த்துச் சொன்னால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு தரப்பின் பதிலாகப் படியுங்கள். தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று ஒன்றிய அரசே முத்திரை குத்த வழிசெய்த 2023 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதித் திருத்தத்தை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

வீட்டில் எப்படிப் பேசுவது?

குடும்ப குரூப்பில் எல்லார் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால் சித்தப்பா மனம் மாற மாட்டார், பேசுவதை நிறுத்திவிடுவார். தனியாகக் கூப்பிடுங்கள்.

"சித்தப்பா, நீங்க போட்ட அந்த வீடியோ எந்த ஊர்ல எடுத்ததுன்னு போட்டிருக்கா?"

"தெரியலப்பா. நம்ம மாப்பிள்ளைதான் அனுப்பினாரு."

"அவருக்கு யாரு அனுப்பினாங்களாம்?"

"அதான் எல்லா குரூப்லயும் வருதே."

"லென்ஸ்ல போட்டா பழசு ஒண்ணு வருது. நீங்களே ஒரு தடவை பாருங்களேன்."

அவர் கையாலேயே தேடிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டால் அன்றைக்கு அது போதும், நெருக்காதீர்கள். "எல்லாரும் திருடனுங்கதான்பா" என்று அவர் முடித்துவைத்தால் மட்டும் விடாதீர்கள். எல்லாரும் ஒன்றுதான் என்ற நினைப்பு, அதிகம் திருடுகிறவருக்குத்தான் வசதி. யார் எவ்வளவு என்று பார்க்க வழி இருக்கிறது.

வேட்பாளரின் காகிதம்

தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சட்டமன்றத் தேர்தல் வழக்கமாக ஒரே சமயத்தில் வருகிறது. வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தர வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த ஏற்பாடு இது. சொத்து, கடன், வழக்கு, படிப்பு, கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம்.

போன தடவையும் நின்றவர் என்றால் பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மொத்தத் தொகை ஏறியிருப்பதைப் பார்த்து உடனே கொதிக்க வேண்டாம். நிலத்தின் மதிப்பு தானாகவும் ஏறும். புதிதாகச் சேர்ந்த சர்வே எண்கள் எவை, மனைவி பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் என்ன வந்திருக்கிறது, காட்டிய வருமானத்தில் அதை வாங்க முடியுமா என்று பாருங்கள்.

வழக்கு உள்ளவர் அதைப் பேப்பரிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு. அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் காரணம் வெளியிட வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்றது 2020 உத்தரவு. கட்சிகள் எழுதும் காரணம் பெரும்பாலும் "மக்கள் செல்வாக்கு உள்ளவர், சமூக சேவகர், வழக்கு அரசியல் பழிவாங்கல்" என்றுதான் இருக்கும். பழிவாங்கலாகவும் இருக்கலாம், மறியல் செய்ததற்குப் போட்ட வழக்கும் நிலத்தை மிரட்டி எழுதி வாங்கியதற்குப் போட்ட வழக்கும் பட்டியலில் அடுத்தடுத்த வரியில்தான் கிடக்கும். பிரமாணப் பத்திரத்தில் சட்டப்பிரிவும் வழக்கு எண்ணும் இருக்கின்றன. பிரிவைப் படியுங்கள், எண்ணை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.